வேலியில் ஏறும் கொடியெல்லாம் கோவையா?

கேட்டிருப்பது இதுதான்: தோட்டத்து வேலியில் 'கோவை' என்று ஊரார் சொல்லும் கொடிகள் மூன்று நான்கு விதமாக ஏறிக் கிடக்கின்றன. எல்லாம் ஒரே பேரினமா? அதில் ஒன்று வெள்ளை வெள்ளையாக மணிப்பூ பூத்துத் தள்ளுகிறது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை, ஏன்? காயையும் இலையையும் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், சர்க்கரை நோய்க்கு நல்லது என்கிறார்களே, உண்மையா? கடைசியாக, கம்பி வேலி போடப் போகிறோம், எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாமா?

முதல் கேள்விக்கு நேர்ப்பதில்: ஒரே குடும்பம்தான், ஆனால் ஒரே பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டம்) இல்லை. எல்லாம் பூசணி, பாகல், புடலையோடு சேர்ந்த குடும்பம். அதற்குள் காய்கறிக் கடையில் விற்கும் கோவைக்காயைத் தருவது 'காக்சீனியா' என்ற பேரினம். 'ஐவிரல் கோவை', 'கருடன் கோவை' என்று நம் வாயில் கோவையாகவே வழங்கும் மற்றவை வேறு வேறு பேரினங்கள். இந்த வித்தியாசம் படிப்பாளிகளுக்கு மட்டும் வேண்டியது என்று விட்டுவிட முடியாது. ஒன்றைப் பொரியல் செய்து சாப்பிடலாம், இன்னொன்றை வாயில் வைக்கவே கூடாது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இந்தக் குழப்பத்துக்கு ஊராரைக் குறை சொல்ல முடியாது. தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸே இதே குழப்பத்தில்தான் இருந்தார். ஐரோப்பாவின் புதர் வேலிகளில் 'பிரையோனியா' என்று ஒரு கொடி ஏறும். கைவிரல் போலப் பிரிந்த இலை, சுருள் சுருளான பற்றுக்கம்பி, சிவப்புச் சிவப்பாகச் சின்னப் பழம். இங்கிலாந்தில் தானாக வளரும் பூசணிக் குடும்பச் செடி அது ஒன்றுதான். வெப்ப நாடுகளிலிருந்து வந்த இதே சாயல் கொடிகளையெல்லாம் அந்தப் பெயரிலேயே போட்டுவிட்டார்கள். 1767-இல் நம் கோவைக்கு லின்னேயஸ் வைத்த பெயர் 'பிரையோனியா கிராண்டிஸ்'. ஐவிரல் கோவையும் பிரையோனியா. தரங்கம்பாடிக்கு 1776-இல் வந்து சேர்ந்த பாதிரியார் ராட்லர் கருடன் கோவைக்குப் பெயர் வைத்தபோது, அவரும் பிரையோனியா என்றுதான் வைத்தார். முசுமுசுக்கைகூட ஒரு காலத்தில் அந்தப் பெயரில் இருந்திருக்கிறது. வேலியில் ஏறி, பற்றுக்கம்பி விட்டு, சிவப்பாகப் பழுத்தால் அது கோவை என்று நம் ஆட்கள் முடிவு செய்தார்கள். அங்கே அதையே பிரையோனியா என்றார்கள். ஒரே கண்தான்.

இதைப் பிரித்து வைத்தது 1834-இல். மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக வந்த ராபர்ட் வைட், ஆர்னாட் என்பவரோடு சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில் கோவையைத் தனிப் பேரினமாக எடுத்தார். 'காக்சீனியா' என்பது பளிச்சென்ற சிவப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'கண் கோவைப்பழமாகச் சிவந்துவிட்டது' என்று நாம் சொல்கிறோமே, அதே சிவப்பு. இன்று வழங்கும் 'காக்சீனியா கிராண்டிஸ்' என்ற முழுப் பெயர் 1845-இல் அமைந்தது. ('காக்சீனியா இண்டிகா' என்று பழைய புத்தகங்களில் பார்த்தால் அதுவும் இதேதான்.) கோவைக்குத் தனி வீடு கொடுத்த அந்த வைட் பின்னாளில் பருத்தி வேலையாகப் பல வருஷம் இருந்த ஊர் கோயம்புத்தூர். ஊரின் சுருக்கப் பெயருக்கும் கொடிக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் இந்தப் பொருத்தம் எனக்குப் பிடிக்கும்.

சரி, வேலிக்குப் போவோம். பூவும் பழமும் இல்லாத நாளிலும் அடையாளம் காண முடியும்.

அசல் கோவையின் இலை வழவழப்பாக, கொஞ்சம் தடித்து, ஐந்து மூலையாக இருக்கும். மூலைகள் ஆழமாகப் பிளந்திருக்கலாம், லேசாகவும் இருக்கலாம்; ஒரே கொடியிலேயே இரண்டையும் பார்க்கலாம், அதனால் இலை வடிவத்தை மட்டும் நம்பாதீர்கள். இலையைத் திருப்பி, காம்பு வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் உற்றுப் பாருங்கள். சின்னச் சின்னதாக, தட்டையான சுரப்பிகள் சில இருக்கும். காலையில் பார்த்தால் எறும்பு அங்கே வாய் வைத்துக்கொண்டிருக்கும். அது இனிப்பு சுரக்கும் இடம். பற்றுக்கம்பி பிரியாமல் ஒற்றையாக ஓடும். பூ வெள்ளை, மணி மாதிரி, ஐந்து இதழ் நுனி. காயில் பச்சையின் மேல் வெளிறிய கோடுகள் ஓடும். பழுத்தால் கோடெல்லாம் மறைந்து முழுச் சிவப்பு.

ஐவிரல் கோவையை ஐவேலி என்றும் சிவலிங்கக்காய் என்றும் சொல்வார்கள். அதன் பற்றுக்கம்பி நுனியில் இரண்டாகப் பிரியும், இதுதான் கையில் உடனே பிடிபடும் அடையாளம். இலை பெயருக்கு ஏற்றபடி ஐந்து விரலாகப் பிளந்திருக்கும், தொட்டால் சொரசொரக்கும். பூ மஞ்சள் கலந்த வெள்ளையில் பொடியாகக் கொத்துக் கொத்தாக வரும். காய் உருண்டை, பளிச்சென்ற வெள்ளைக் கோடு. பழுத்துச் சிவந்த பிறகும் அந்த வெள்ளைக் கோடு போகாது. பார்க்க மிட்டாய் போலவே இருக்கும், குழந்தைகளை இழுக்கும். இந்தப் பழத்தைச் சாப்பிடக் கூடாது, விஷத்தன்மை உள்ளது. இதன் விதையில் லிங்கம் போல ஒரு மேடு இருப்பதால் குழந்தைப் பேற்றுக்கு என்று பொடித்து விற்கிறார்கள். விதையின் வடிவம் மருந்துக்குச் சான்றாகாது. நச்சுள்ள பழத்தின் விதையைக் கர்ப்பம் தரிக்க விரும்பும் ஒரு பெண்ணிடம் கொடுப்பதை நினைத்தாலே எனக்கு மனம் பதறுகிறது.

கருடன் கோவையை 'ஆகாச கருடன்' என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். கிழங்கைக் கயிற்றில் கட்டி வாசல் நிலையில் தொங்கவிடுவார்கள். மண்ணும் தண்ணீரும் இல்லாமலே துளிர்க்கும். கிழங்கில் சேர்த்து வைத்திருக்கும் நீரும் மாவும்தான் காரணம், மழையில்லாத மாதங்களைத் தாண்ட அந்தச் செடி கண்ட வழி அது. பழத்தைப் பார்த்தால் மறக்காது: நடுவில் சிவப்பு, நுனியில் அலகு மாதிரி கூராக நீண்டிருக்கும். பாம்புக்கடிக்கு இந்தக் கிழங்கு என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரி, விஷமுறிவு ஊசி. நடுவில் கிழங்கு தேடும் நேரம்தான் உயிரை எடுக்கிறது.

முசுமுசுக்கை எளிது. இலையை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் உப்புத்தாள் போல இருக்கும். மஞ்சள் பூ, பட்டாணி அளவுப் பழம். சளிக்கும் இருமலுக்கும் அடையிலும் தோசையிலும் அரைத்துச் சேர்ப்பது இதைத்தான். இதன் அறிவியல் பெயரின் பின்பாதி 'மதராஸ்பட்டினத்தது' என்றே பொருள்படும்.

இனி, பூத்தும் காய்க்காத உங்கள் கொடி. வெள்ளை மணிப்பூ என்று சொல்லியிருப்பதால் அது அசல் கோவைதான், அனேகமாக ஆண் கொடி.

பூசணியிலும் பாகலிலும் ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் வரும். கோவையில் அப்படி இல்லை. ஒரு கொடி முழுக்க ஆண், இன்னொரு கொடி முழுக்க பெண். காக்சீனியா பேரினத்தில் சுமார் 25 இனங்கள் இருக்கின்றன, அத்தனையும் இப்படித்தான். பூக்கும் தாவரங்களில் நூற்றுக்கு ஆறு போலத்தான் இந்த ஏற்பாடு உண்டு. பூவுக்குக் கீழே பாருங்கள்: பெண் பூவாக இருந்தால் விரல் நக நீளத்தில் ஒரு பிஞ்சு, மொட்டு விடும்போதே காம்பு முனையில் உட்கார்ந்திருக்கும். ஆண் பூவில் அந்த இடம் வெறும் காம்பு. பூவைப் பிளந்து பார்க்கவே தேவையில்லை, நடந்து போகும்போதே சொல்லிவிடலாம்.

இதில் எனக்கு ஓயாத வியப்பு ஒன்று உண்டு. மனிதரில் ஆண்பாலை எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் தீர்மானிப்பது போலவே கோவையிலும். செல்லுக்கு 24 குரோமோசோம். ஆண் கொடியில் அதில் ஒன்று ஒய். நம் ஒய் குரோமோசோம் சுருங்கிப் போன சின்னத் துண்டு. கோவையின் ஒய் நேர்மாறு: கூட இருக்கும் மற்ற குரோமோசோம்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. நுண்ணோக்கியில் வைத்தால் மாணவர்கூட விரல் வைத்துக் காட்டிவிடலாம். தாவரங்களில் பால் குரோமோசோம் எப்படி உருவாகிறது என்று ஆராய்பவர்களுக்கு நம் வேலிக் கொடி உலகளவில் முக்கியமான செடி. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பால் என்பது மரபு வழியாகத் தீர்மானமாகிறது என்பதைச் செடியில் முதலில் சோதனை செய்து காட்டியவர் ஜெர்மானியரான கார்ல் காரன்ஸ், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அவர் அதற்கு எடுத்துக்கொண்ட கொடி எது தெரியுமா? பிரையோனியா.

விதையில் நட்டால் பாதிக்குப் பாதி ஆணாகப் போகும், பூக்கும் வரை தெரியாது. அதனால்தான் கோவை பயிர் செய்பவர்கள் விதையை விட்டுவிட்டுத் தண்டைத்தான் நடுகிறார்கள். பெண் கொடியின் தண்டில் முளைப்பது பெண்தான். பத்துப் பெண் கொடிக்கு ஓர் ஆண் கொடி என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஆனால் சாகுபடியில் இருக்கும் பல கொடிகள் மகரந்தமே இல்லாமலும் காய் பிடிக்கும், அதனால் ஆண் கொடியே வைக்காத பந்தல்களும் உண்டு. கேரள வேளாண் பல்கலைக்கழகம் 'சுலபா' என்று ஒரு ரகம் வெளியிட்டிருக்கிறது. பச்சை நிறத்தில் நீளக் காய், கசப்பில்லாதது.

கசப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேலிக் கோவையும் பந்தல் கோவையும் ஒரே இனமாக இருந்தும் சமையலில் வேறுபடுவது இதில்தான். பூசணிக் குடும்பம் முழுக்க 'குக்கர்பிட்டசின்' என்ற கசப்புப் பொருள் உண்டு. பூச்சியும் விலங்கும் தின்னாமல் இருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு. பிரையோனியாவின் கிழங்கு அதனாலேயே கடும் பேதியை உண்டாக்கும், ஆளையும் கொல்லும். பல தலைமுறையாகக் கசப்புக் குறைந்த கொடியிலிருந்தே தண்டு எடுத்து நட்டு வந்ததில் நமக்குக் கடைக் கோவைக்காய் கிடைத்தது. வேலியில் தானாக முளைத்ததற்கு அந்தத் தேர்வு கிடையாது. அதனால் வேலிக் காயைச் சமைக்கும் முன் ஒன்றை நறுக்கி நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள், அந்தக் கொடியின் காயே வேண்டாம். கசப்பு உடம்புக்கு நல்லது என்று பாகற்காயை வைத்து எல்லாக் கசப்பையும் நம்பக் கூடாது. பாகற்காயின் கசப்பு நமக்குப் பழகிய கசப்பு, சுரைக்காயோ கோவைக்காயோ கடுமையாகக் கசந்தால் அது வேண்டாம் என்று செடி சொல்வது.

கசக்காத காய் கிடைத்தால் கொடுத்து வைத்தவர்கள். நீளவாக்கில் நாலாகக் கீறி எண்ணெயில் நிதானமாக வதக்கினால் ஓரம் சுருண்டு மொறுமொறுப்பாக வரும். மூடி போட்டால் கொழகொழவென்று ஆகிவிடும், போடாதீர்கள். வத்தலாகவும் போடலாம். நறுக்கும்போது உள்ளே சிவந்திருந்தால் பலர் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிகிறார்கள். கெடவில்லை, பழுக்கத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். லேசான புளிப்பு ஏறியிருக்கும். அவற்றைத் தனியாக எடுத்துப் புளிக்குழம்பில் போட்டால் நன்றாக இருக்கும். முழுக்கச் சிவந்த பழம் கிளிக்கும் மைனாவுக்கும். சின்ன வயதில் நாங்களும் அவற்றோடு போட்டி போட்டிருக்கிறோம்.

இளந்தளிரை நாம் கீரையாக அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை, அது எனக்குக் குறையாகவே படுகிறது. தாய்லாந்தில் இதற்குத் 'தம்லுங்' என்று பெயர். வேலியில் கிள்ளி வந்து தெளிந்த சூப்பில் போடுவது அங்கே அன்றாடச் சமையல். கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ-யாக உடம்பில் மாறும் சத்து இலையில் நிறைய இருக்கிறது. நுனியிலிருந்து ஒரு சாண் கிள்ளி, பருப்போடு வேக வைத்துப் பாருங்கள்.

சர்க்கரை நோய்க் கேள்விக்கு வருகிறேன். வெறும் வாய்வார்த்தை என்று இதைத் தள்ள முடியாது. 1980-இல் வங்கதேச மருத்துவர்கள் இலையை வைத்து நோயாளிகளிடம் செய்த சோதனை ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. 2008-இல் பெங்களூரில் நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது: புதிதாகச் சர்க்கரை கண்டறியப்பட்டு, மாத்திரை தொடங்காத 60 பேர். ஒரு பாதிக்குக் கோவையிலிருந்து எடுத்த ஒரு கிராம் மருந்துப் பொடி, மறு பாதிக்கு வெறும் பொடி, 90 நாள். மருந்துப் பொடி எடுத்தவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சுமார் 16 சதவீதமும், சாப்பிட்ட பின் பார்க்கும் சர்க்கரை 18 சதவீதமும் குறைந்தன. நல்ல சேதிதான். ஆனால் இது ஆரம்ப நிலை நோயாளிகளிடம், சாராயத்தில் ஊற வைத்து எடுத்து அளவு பார்த்துக் கொடுத்த சத்து. வாரம் இரண்டு நாள் பொரியல் சாப்பிட்டால் அதே பலன் என்று யாரும் காட்டவில்லை. பொரியல் சாப்பிடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். இலைச்சாறு தினமும் குடிப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். மாத்திரையும் சாறும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிட்டால் மயக்கம் வரும்.

சாப்பாடும் மருந்தும் இல்லாத ஒரு பயனை எழுதாமல் போக மனமில்லை. நான் படித்த பள்ளியில் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை கரும்பலகைக்குக் கரி பூசுவோம். வெள்ளிக்கிழமை மதியம் ஆசிரியர் நாலு பேரை வேலிப் பக்கம் அனுப்புவார். கை நிறையக் கோவை இலை, கொஞ்சம் ஊமத்தை இலை, சத்துணவுக் கூடத்து அடுப்புக்கரி. மூன்றையும் கல்லில் வைத்து நசுக்கி, பழைய துணியில் சுருட்டி, பலகையின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்ப்போம். இலைச்சாறு கரியைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் கையால் தொட்டால் ஒட்டாது. முதல் பூச்சு பச்சையும் கறுப்பும் கலந்து திட்டுத் திட்டாக இருக்கும், இரண்டாவது பூச்சில்தான் அந்த ஆழமான கறுப்பு வரும். திங்கட்கிழமை அதில் விழும் முதல் சாக்பீஸ் கோடு அத்தனை வெள்ளையாகத் தெரியும். வகுப்பறை முழுக்கப் பச்சிலை வாசம். கையில் ஏறிய கறை இரண்டு நாள் போகாது. சிலேட்டு அழிக்கவும் கோவை இலைதான், சில நேரம் பாதியாக நறுக்கிய காய்.

இந்தப் பேரினத்தின் சொந்த வீடு ஆப்பிரிக்கா. 25 இனங்களில் நம் பக்கம் வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்று. எத்தியோப்பியாவின் மேற்குப் பகுதியில் இதன் உடன்பிறப்பு ஒன்றைக் கிழங்குக்காகவே பயிர் செய்கிறார்கள். 'அஞ்சோட்டே' என்பார்கள். ஓரோமோ மக்கள் அதை அவித்துச் சாப்பிடுகிறார்கள், எலும்பு முறிந்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் கொடுக்கிறார்கள். கால்சியம் அதில் அதிகம். கோவைக்குள் ஒரு கிழங்குப் பயிர் இருக்கிறது என்று கேட்டால் நம் ஊரில் பலரும் நம்ப மாட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பசிபிக் கடலில் இருக்கும் ஹவாய், குவாம், சைபன் தீவுகளுக்கு இதே கோவை காய்கறியாகப் போய், காட்டுக்குள் தப்பி, மரங்களையும் மின்கம்பங்களையும் போர்வை மாதிரி மூடிவிட்டது. கடைசியில் ஹவாய்க்காரர்கள் இதன் தாய்நாடான கிழக்கு ஆப்பிரிக்காவுக்கே ஆளனுப்பி, கோவைத் தண்டைத் துளைக்கும் ஓர் அந்துப்பூச்சியையும் இரண்டு வகை வண்டுகளையும் கொண்டுவந்து 1990-களில் விட்டார்கள். நம் வேலியில் இது இவ்வளவு அடக்கமாக இருப்பதற்கு, அதைத் தின்னும் புழு பூச்சிகள் இங்கே இருப்பதும் ஒரு காரணம். இலையில் ஓட்டை விழுந்திருந்தால் உடனே மருந்தடிக்க ஓடாதீர்கள்.

இப்போது உங்கள் கம்பி வேலி. கோவைக்கு உயிர்வேலிதான் வேண்டும் என்றில்லை. கிளுவையில் ஏறியது கம்பியிலும் ஏறும். இன்னும் சொல்லப்போனால் கம்பியில் வெயில் நன்றாகப் படுவதால் பூப்பு கூடும். ஐவிரல் கோவை குழந்தைகள் புழங்கும் பக்கம் இருந்தால் அதை மட்டும் வேரோடு எடுத்துவிடுங்கள். முசுமுசுக்கை கிடக்கட்டும். காய்க்காத ஆண் கோவையை வெட்டாமல் ஒரு மூலையில் விடுங்கள், அதற்கு வேலை வரப்போகிறது. அக்கம்பக்கத்தில் கசக்காத காய் காய்க்கும் பெண் கொடியைத் தேடிக் கண்டுபிடியுங்கள். மழை தொடங்கும் சமயத்தில் அதன் முற்றிய தண்டில் பென்சில் கனத்துக்கு, ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணு இருக்கும்படி வெட்டுங்கள். எது அடி எது நுனி என்பது மாறிப் போகாமல், இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி கொஞ்சம் சாய்த்து ஊன்றுங்கள். ஓரிடத்தில் இரண்டு தண்டு வைத்தால் ஒன்று காய்ந்தாலும் ஒன்று நிற்கும். துளிர் நாலு விரல் நீண்டதும் பற்றுக்கம்பி பிடிமானம் தேடும். அதற்குள் கம்பி வேலை முடிந்திருந்தால் நல்லது, இல்லையென்றால் ஒரு குச்சி போதும்.